'எப்பக்கா வருவீங்க?' - ஒரு கோடை முகாமின் கடைசி நாள்

பத்தாம் நாள் காலை எங்களை எழுப்பியது பிள்ளைகள்தான். ஆறு மணிக்கே அம்பேத்கர் மன்றத்தின் வாசலில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, பொங்கலுக்கு எடுத்த துணியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். முகாம் தொடங்குவது ஒன்பது மணிக்கு. "ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்று கேட்டோம். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னான்: "இன்னிக்குத்தான் கடைசியாமே. அதான்."

கடந்த மே மாதம் பண்ருட்டி வட்டாரத்தில் உள்ள ஒரு கிராமத்தின் சேரியில் பத்து நாள் குழந்தைகள் முகாம் நடத்தினோம். நாங்கள் ஒன்பது பேர். ஏழு பேர் கல்லூரி மாணவர்கள், இருவர் நாற்பதைத் தாண்டியவர்கள். வந்த பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. நாங்கள் பஸ் ஏறி வந்துவிட்டோம். அந்தப் பிள்ளைகள் அதே ஊரில்தான் படிக்க வேண்டும், அதே கடையில்தான் உப்பு வாங்க வேண்டும்.

முகாம் என்றால் முதல் நாளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். பாட்டு, விளையாட்டு, காகிதத் தொப்பி என்று படம் போடுவார்கள். நாங்கள் கடைசி நாளைப் பற்றி எழுதுகிறோம். ஒரு முகாம் யாருக்காக நடந்தது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு பழைய தவறு

அதற்கு முன்பு எங்கள் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் இதேபோல ஒரு வாரம் முகாம் நடத்தினோம். கடைசி நாளில் பலூன் கட்டினோம், கேக் வெட்டினோம், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துப் படம் எடுத்தோம். வேன் கிளம்பும்போது பிள்ளைகள் அழுதார்கள், நாங்களும் அழுதோம். "தீபாவளிக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம்.

தீபாவளிக்குப் போகவில்லை. ஒருவருக்குத் தேர்வு, ஒருவருக்கு வேலை, இன்னொருவருக்கு வீட்டில் கல்யாணம். போவதற்கு ஓராண்டு ஆகிவிட்டது. போனபோது பிள்ளைகள் கிட்டே வரவில்லை. ஒரு பாட்டிதான் சொன்னார்: "தீபாவளியன்னிக்கு ரோட்டுலயே நின்னுச்சுங்க. ஒவ்வொரு பஸ்ஸா பாத்துச்சுங்க." அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

சேரிப் பிள்ளைகளுக்கு வாக்குறுதி புதிதல்ல. பட்டா தருவதாகச் சொன்னவர்கள், சுடுகாட்டுப் பாதை போடுவதாகச் சொன்னவர்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்கள் என்று அவர்களின் அப்பா அம்மா பார்த்த வரிசை நீளமானது. அந்த வரிசையின் கடைசியில் நாங்களும் போய் நின்றுகொண்டோம். இந்த முறை கிளம்புவதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்தோம். கடைசி நாளில் பலூன் வேண்டாம். நாங்கள் போன பிறகும் அங்கே இருக்கக்கூடிய ஏதாவது ஒன்று வேண்டும்.

குவிந்து நீண்ட கைகள்

முதல் நாள் நடந்த ஒன்றைச் சொன்னால்தான் கடைசி நாள் புரியும். மாணவி ஒருத்தி பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தாள். சிறியவர்களில் நான்கைந்து பேர் இரண்டு கைகளையும் குவித்து, கொஞ்சம் தாழ்த்தி, தள்ளி நின்று நீட்டினார்கள். அவளுக்குப் புரியவில்லை. "ஏன் இப்படி நீட்டறீங்க? கையில வாங்கிக்கோ" என்றாள். பிள்ளைகளுக்கும் அவள் கேட்டது புரியவில்லை. மேலேயிருந்து போடுவார்கள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கடையில் பழகிய பழக்கம். யாரும் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்ததல்ல. நடக்கப் பழகியதுபோலப் பழகியது.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாக்குளத்தில் பெட்டிக் கடைக்காரர் ஒருவர் தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்து, ஊர்க் கட்டுப்பாடு என்று காரணம் சொன்ன காணொளியை நாடே பார்த்தது. வழக்கும் பதிவானது. காணொளி வந்த ஊர் அது ஒன்றுதான். காணொளி எடுக்கப்படாத ஊர்களில் பிள்ளைகள் கையைக் குவித்து நீட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கைகளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்ருட்டி என்றால் பலா, அடுத்து முந்திரி. மே மாதம் முந்திரிக்கொட்டை வரும் காலம். கொட்டை உடைப்பதும் பருப்பின் தோலை உரிப்பதும் வீட்டு வேலையாகவே இந்தத் தெருக்களுக்கு வருகின்றன. முந்திரி ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலை அரித்துப் புண்ணாக்கும். கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். எங்கள் முகாமுக்கு வந்த பெண் பிள்ளைகளில் பலருக்கு விரல் நுனி கறுத்து, தோல் உரிந்திருந்தது. வண்ணம் தீட்டும் வகுப்பில், "அக்கா, இந்தக் கறை போவாது. பெயின்ட்டு ஒட்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள்.

முந்திரிக்கொட்டையைத் தோலுரிப்பதும் பதப்படுத்துவதும் 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்ட அட்டவணையில் குழந்தைகளுக்குத் தடை செய்யப்பட்ட வேலைகளில் ஒன்றாக இடம் பெற்றிருந்தது. 2016-இல் வந்த திருத்தம் 14 வயது நிறையாத குழந்தைகளை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்றது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு சன்னலையும் திறந்து வைத்தது, ஆபத்தான வேலையாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. வியாபாரி மூட்டையை வீட்டுத் திண்ணையில் இறக்கிவிட்டுப் போனால் அது குடும்பத் தொழிலாகிவிடுகிறது. நிபந்தனை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை, விரல் நுனிகள் மட்டும் தெரிகின்றன.

பிள்ளைகள் வரைந்த ஊர்

நான்காம் நாள் பெரிய தாள்களை ஒட்டி, "உங்க ஊரை வரையுங்க" என்றோம். இரண்டு நாள் வரைந்தார்கள். ஏரி, களத்துமேடு, மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், முந்திரித் தோப்பு, பஸ் நிற்கும் இடம், ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், அதை ஒட்டி நூலகம் என்று ஒன்றையும் விடவில்லை. எந்தப் புளியமரத்தில் தேன்கூடு இருக்கிறது என்பது வரை இருந்தது.

ஆறாம் நாள், "நீங்க தினமும் போற இடத்துக்குப் பச்சை வையுங்க. போகாத இடத்துக்குச் சிவப்பு வையுங்க" என்றோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. படம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கிழக்கே சேரி முழுவதும் பச்சை. பள்ளிக்கூடமும் ரேஷன் கடையும் பச்சை. மேற்கே ஊர்த்தெரு முழுவதும் சிவப்பு. கோயில் சிவப்பு. டீக்கடைக்குப் பாதிப் பச்சை, பாதிச் சிவப்பு. "வெளியில நிக்கலாம் சார், பெஞ்சில உக்கார மாட்டோம்" என்று விளக்கம் சொன்னார்கள்.

எங்களைத் திடுக்கிட வைத்தது நூலகம். அதற்கும் சிவப்பு. அது யாருடைய வீடும் இல்லை, கோயிலும் இல்லை. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், 2006-க்குப் பிறகு தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் கட்டப்பட்ட நூலகங்களில் ஒன்று. எல்லோர் வரிப்பணத்திலும் எழுந்த கட்டடம்.

"அங்க போவக்கூடாதுன்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டோம். யோசித்துப் பார்த்துவிட்டு ஏழாம் வகுப்புப் பையன் சொன்னான்: "சொல்லல சார். ஆனா போனதில்ல." அவன் அப்பாவும் போனதில்லை. அது கட்டப்பட்ட நாளிலிருந்து சேரியில் யாருமே உள்ளே போனதில்லை.

தீண்டாமையைச் சட்டம் தேடும்போது ஒரு வார்த்தையை, ஓர் அடியை, ஒரு பூட்டைத் தேடுகிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை. நூலகம் பெரும்பாலான நாள் பூட்டியே கிடந்தது, ஊர்த்தெருப் பிள்ளைகளும் போவதில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் ஊர்த்தெருப் பிள்ளைக்கு அது மூடிய கட்டடம். சேரிப் பிள்ளைக்கு அது சிவப்புப் பூசிய இடம். இரண்டும் ஒன்றல்ல.

பூட்டிய கதவு திறந்தது

அன்று மாலையே பெற்றோரை உட்கார வைத்துப் படத்தைக் காட்டினோம். நீண்ட நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு பெரியவர், "புள்ளைங்க எழுதனா எழுதனதுதான். மனு கொடுங்க" என்றார். ஊராட்சித் தலைவர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அப்போது தனி அலுவலர் நிர்வாகம். ஏழாம் நாள் பெற்றோர் பதினோரு பேர் கையெழுத்திட்டு, கடைசி நாள் காலை பத்து மணிக்கு நூலகத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்று ஊராட்சிச் செயலரிடம் ஒரு மனு கொடுத்தார்கள். நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போனது. இரண்டு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கினார்கள். நாங்கள் கூடப் போனோம், கையெழுத்துப் போடவில்லை. அது அவர்களின் ஊர், அவர்களின் மனு.

கடைசி நாள் ஒன்பதரை மணிக்கு முப்பத்து நான்கு பிள்ளைகளும் இரண்டிரண்டு பேராகக் கிளம்பினார்கள். முன்னால் ஐந்து தாய்மார்கள், பின்னால் நாங்கள். சேரியின் முனையில் 'காலனி' என்று எழுதிய பழைய பெயர்ப் பலகை இருக்கிறது. அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு நல்லது. அந்தப் பலகையைத் தாண்டி அரைக் கிலோமீட்டர் நடப்பதற்குத்தான் இத்தனை ஆண்டு ஆகியிருக்கிறது.

டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். பேச்சு நின்றது. ஒருவர், "என்னப்பா, ஊர்வலமா?" என்றார். எங்களில் ஒருவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அந்த ஏழாம் வகுப்புப் பையன் முந்திக்கொண்டான்: "இல்லீங்க. லைப்ரரிக்கு." கேட்டவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "தொறந்திருக்காடா அது?" என்றார். வேறு ஒன்றும் நடக்கவில்லை. எதுவும் நடந்துவிடுமோ என்று ஐந்து தாய்மார்களும் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்ததை நாங்கள் மட்டும்தான் பார்த்தோம்.

கதவு திறந்திருந்தது. ஊராட்சிச் செயலரே வந்து நின்றிருந்தார். உள்ளே தூசி, கறையான் அரித்த இரண்டு அலமாரிகள், நல்ல நிலையில் மூன்று அலமாரிகள், ஒரு நீள மேசை, எட்டு நாற்காலிகள். பிள்ளைகள் சுவரோரமாக நின்றார்கள். ஒரு சிறுமி எங்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்: "நாற்காலியில உக்காரலாமா?" செயலர்தான் பதில் சொன்னார்: "உக்காரும்மா. அதுக்குத்தான போட்டுருக்கு." பிறகு எட்டு நாற்காலியில் பதினாறு பேர் உட்கார்ந்தார்கள்.

வருகைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார்கள். கடைசிக் கையெழுத்து ஓராண்டுக்கு முந்தையது. புதிய பக்கத்தில் பெயர், வகுப்பு, கையொப்பம் என்று கோடு போட்டுக் கொடுத்தவர் அந்தச் சேரியைச் சேர்ந்த இளம்பெண். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுதினார்கள். ஒன்றாம் வகுப்புப் போகிற குட்டி ஒருவன் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும், பாதிப் பக்கத்துக்குப் போட்டான்.

எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணின் முறை வந்தது. பெயரை எழுதினாள். வகுப்பு என்ற கட்டத்தில் பேனா நின்றது. "நான் என்னா போடறது?" என்று கேட்டாள். அவள் கேட்டதற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் சேர்ப்பதில்லை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. யாரும் பதில் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? அவள் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு '9' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

எட்டோடு நிற்கும் படிப்பு

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு வரை, இலவசக் கட்டாயக் கல்விக்கு உறுதி தருகிறது. தமிழ்நாட்டு விதிகளின்படி ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கப் பள்ளியும் மூன்று கிலோமீட்டருக்குள் நடுநிலைப் பள்ளியும் இருக்க வேண்டும். அந்தக் கிராமத்தில் நடுநிலைப் பள்ளி இருக்கிறது. சட்டம் சொன்னது நடந்திருக்கிறது. ஆனால் சட்டம் எட்டோடு நிற்கிறது. அந்தப் பெண்ணின் படிப்பும் சரியாக அங்கேயே நிற்கிறது.

உயர்நிலைப் பள்ளி ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பஸ் காலையில் ஏழு மணிக்கு ஒன்று, பத்தரைக்கு ஒன்று. இடையில் இல்லை. பெண்களுக்குப் பஸ்ஸில் கட்டணமில்லை, மாணவருக்குப் பஸ் பாஸ் உண்டு, ஆனால் பள்ளி நேரத்துக்குப் பஸ் இல்லை. அரசு தரும் இலவச சைக்கிள் பதினோராம் வகுப்பில்தான் கிடைக்கும். ஒன்பதும் பத்தும் நடந்து கடக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள். பாதையில் பாதி ஊர்த்தெரு, மீதி ஆளில்லாத முந்திரித் தோப்பு.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தப் பெண்ணின் அம்மாவிடம் உட்கார்ந்தோம். எங்களிடம் பட்டியல் தயாராக இருந்தது. ஒன்பது, பத்தாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவருக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் ப்ரீ மெட்ரிக் உதவித்தொகை உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"சார், நீங்க பத்து நாள் இருந்துட்டுப் போயிடுவீங்க. பணத்தப் பத்தி நான் பேசல. ஒத்தையில அஞ்சு கிலோமீட்டர் வயசுப் பொண்ணு. யாரு கூட்டிட்டுப் போவா?"

நாங்கள் கொண்டுபோன பட்டியலில் இதற்குப் பதில் இல்லை. அவருக்கு இல்லாதது அறிவு அல்ல, அக்கறையும் அல்ல. வழித்துணை இல்லை. சேரிப் பெண்ணுக்கு வழியில் ஏதாவது நடந்தால் கேட்க யார் இருக்கிறார்கள் என்பது அவர் கேள்வி. அதைப் பயம் என்று சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. அது அனுபவம்.

பதில் அந்தத் தெருவிலேயே இருந்தது. பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், "எம் பொண்ணும் ஒம்பதுதான் போவணும். நானும் அனுப்பறதா வேணாமான்னு இருக்கேன்" என்றார். விசாரித்தால் அந்த ஆண்டு எட்டு முடித்த பெண்கள் மூன்று பேர். மூன்று வீட்டிலும் தனித்தனியாக ஒரே பயம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. மூன்று பேரும் சேர்ந்து போவது, காலையில் கூலி வேலைக்கு அந்தப் பக்கம் போகும் இரண்டு பெண்கள் கூடவே நடப்பது, மாலையில் இளைஞர் மன்றத்துப் பையன்கள் முறை வைத்துத் தோப்பு முனை வரை போய் நிற்பது என்று பேசினார்கள். காலை எட்டரை மணிக்கு ஒரு பஸ் வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்பதென்றும் முடிவானது. அந்த அம்மா அப்போதும் சரி என்று சொல்லவில்லை. "பாக்கலாம்" என்றார். நாங்களும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

வந்தவர்களும் இருப்பவர்களும்

இப்போது அந்த இளம்பெண்ணைப் பற்றி. பி.எஸ்சி. முடித்தவர். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் பகுதியில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது அல்லவா, அதில் தன்னார்வலராகச் சேர்ந்தவர். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், தினமும் மாலை, தன் வீட்டு வாசலில் இந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தவர். பத்து நாள் முகாமில் நாங்கள் பார்த்த ஒவ்வொரு நல்ல விஷயத்துக்கும் பின்னால் அவருடைய மாலை நேரங்கள் இருந்தன. எங்கள் மாணவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் பாராட்டு வந்தது. அவரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. முகாமை நாங்கள் அவருக்குக் கொண்டுபோகவில்லை. அவர் வைத்திருந்த முகாமுக்கு நாங்கள் பத்து நாள் விருந்தாளிகளாகப் போயிருக்கிறோம்.

கடைசி நாள் மாலை, பெற்றோர் முன்னிலையில், நாங்கள் கொண்டுபோன புத்தகங்கள், கரும்பலகை, விளையாட்டுப் பொருட்கள் எல்லாவற்றையும் அவரிடமும் இளைஞர் மன்றத்தினரிடமும் பட்டியல் எழுதி ஒப்படைத்தோம். மாலைப் படிப்பகம் இனி மன்றத்தில் நடக்கும். சனிக்கிழமைகளில் நூலகத்தில் நடக்கும். சாவிக்கு யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் எழுதி வாங்கப்பட்டது.

வெளியிலிருந்து வந்து கல்வி கொடுத்தவர்கள் நம் வரலாற்றில் உண்டு. 1848-இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்த சாவித்திரிபாய் புலே வீதியில் சேற்றையும் சாணத்தையும் வாங்கிக்கொண்டு மறுநாளும் போனார். நம் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில், 1916-இல் சுவாமி சகஜானந்தா நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அவர் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்தவர், வெளியூர்க்காரர்தான். ஆனால் வந்தவர் திரும்பிப் போகவில்லை. அந்தப் பள்ளி இன்றைக்கும் அரசுப் பள்ளியாக நிற்கிறது. நம்மால் எல்லோரும் சகஜானந்தா ஆக முடியாது. வேலை இருக்கிறது, குடும்பம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். அப்படியானால் திரும்புகிறவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. அங்கேயே இருப்பவர்களின் கையை பலப்படுத்திவிட்டுத் திரும்ப வேண்டும்.

விடுமுறையில் இப்படிச் சேவைக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கு, பட்டுத் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறோம். காப்பாற்ற முடியாத வாக்கைக் குழந்தையிடம் சொல்லாதீர்கள். வருவோம் என்றால் தேதியோடு சொல்லுங்கள். தேதி இல்லையென்றால் தெரியாது என்று சொல்லுங்கள், குழந்தைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். உங்கள் இரக்கத்துக்கு அவர்கள் விளம்பரம் அல்ல. மூன்றாம் நாளிலேயே கடைசி நாளைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். மனு உங்கள் பெயரில் போகக் கூடாது. எந்தப் பிள்ளை இந்த ஜூனில் எந்த வகுப்பில் சேர வேண்டும், யாருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி உதவித்தொகைத் தேர்வு எழுத வேண்டியவர் யார் என்று ஒரு பட்டியலை உள்ளூர்க்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். அந்தத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நாங்கள் போனபோது அந்தச் சேரியில் யாரும் அந்தத் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கவில்லை. இப்போது மன்றத்துச் சுவரில் எழுதியிருக்கிறது.

குழந்தைக்கு வேலை வைக்கிறார்கள், அடிக்கிறார்கள், ஒதுக்குகிறார்கள் என்று தெரிந்தால் 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும் அழைக்கலாம். அதையும் சுவரில் எழுதிவிட்டு வாருங்கள்.

தேதியோடு ஒரு பதில்

இருட்டிய பிறகு பிள்ளைகளின் நாடகம் நடந்தது. அவர்களே எழுதியது. ஊர்ப் படம்தான் கதை. ஒருவன் நூலகமாக நின்றான், ஒருத்தி பூட்டாக நின்றாள். சிரித்துச் சிரித்து நாடகம் பாதியில் நின்றுவிட்டது. முடிந்ததும் எல்லோருக்கும் கடலை மிட்டாய் கொடுக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டோம். முதல் நாள் கையைக் குவித்து நீட்டிய ஒரு சின்னப் பையன் வரிசையாக வந்தான். எங்கள் ஒவ்வொருவரின் கையையும் பிடித்துத் திருப்பி, உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனான்.

கிளம்பும்போது அந்தக் கேள்வி வந்தது. "எப்பக்கா வருவீங்க?" எங்களோடு வந்த மாணவிகள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் முன்பே பேசி வைத்திருந்தோம். "ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு ரெண்டு பேர் வருவோம். ஒன்பது பேரும் வர முடியாது. ரெண்டு பேர்தான்." ஒரு பெண், "யாரு ரெண்டு பேரு?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னோம். சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக்கொண்டு போய் மன்றத்துச் சுவரில் தேதியையும் இரண்டு பெயரையும் எழுதிவிட்டாள்.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு அந்த இளம்பெண் போனில் பேசினார். எட்டு முடித்த மூன்று பெண்களில் இரண்டு பேர் ஒன்பதில் சேர்ந்துவிட்டார்கள். பதிவேட்டில் '9' என்று எழுதியவள் அதில் ஒருத்தி. மூன்றாமவளின் குடும்பம் முன்பணத்தைக் கழிக்கச் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. எந்த ஊர்ச் சூளை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எட்டரை மணிப் பஸ் இன்னும் வரவில்லை. நூலகம் மூன்று சனிக்கிழமை திறந்தது, ஒரு சனிக்கிழமை திறக்கவில்லை. திறக்காத அன்று பிள்ளைகள் வாசலிலேயே உட்கார்ந்து படித்துவிட்டு வந்தார்களாம். ஊர்த்தெருப் பிள்ளைகள் இரண்டு பேரும் கூட உட்கார்ந்தார்களாம்.

பத்து நாளில் நடந்தது இவ்வளவுதான். பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சுவரில் எங்கள் பெயரும் தேதியும் இருக்கின்றன. சென்ற முறை பிள்ளைகள் மட்டும்தான் சாட்சி, அதனால் எங்களால் மறக்க முடிந்தது. இந்த முறை இதைப் படிக்கும் நீங்களும் சாட்சி. ஆகஸ்ட் 16 அன்று எங்களைப் பார்த்தால், போனீர்களா என்று கேளுங்கள்.